பாகாலா ஜங்ஷனில் உன் அக்கா

உ

ஏகாம்பரகுப்பம்,
சார்வரி வருடம் தை மாதம் 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் நாகபூஷணத்துக்கு, உன் மாமா செங்கல்வராயன் எழுதிக்கொள்வது.

வீட்டில் மாடு கன்று உட்பட எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உன் அக்கா செங்கம்மாவுக்கு மட்டும் நான்கு நாளாகத் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. சுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இந்த வீட்டில் இத்தனை அமைதியை நான் கண்டதில்லை. முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாளே பிடிக்கவில்லை. அவள் திட்டாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று உன்னிடம் சொல்ல வெட்கம் என்ன, நீயும் அந்தத் திட்டிலேயே வளர்ந்தவன்தானே.

அந்தத் தொண்டை எப்படிக் கட்டியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி. இதோடு அச்சடித்த படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். அதை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டுக் கோபத்தில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடாதே. முழுக்கப் படித்த பிறகு கோபப்படு.

கார்த்திகையில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. எங்களிடம் வளர்கிற உன் மகள் யசோதா நர்சு டிரெயினிங்குக்கு மனுப் போட்டிருக்கிறாள் என்று நான் எழுதியதற்கு, கண்டவர்கள் ரத்தத்தைத் துடைக்கிற வேலைக்கு என் மகள் போக வேண்டாம், இங்கே காரக்பூரில் கான்டீன் வேலையில் இருக்கிற ஒருவருக்குப் பேசியிருக்கிறேன், மாசியில் அழைத்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தாய். நான் எதையும் மறைக்கவில்லை. ஒரு வரி விடாமல் செங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை. "படிச்சிட்டியா? மடிச்சி மாடத்துல வையி" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்கு எதற்கு வம்பு?

பொங்கலுக்கு முந்தின வாரம் சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்புக் கார்டு வந்துவிட்டது. தை ஐந்தாம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவேண்டும் என்று தெலுங்கில் எழுதியிருந்தது. செங்கம்மா அன்றைக்கே யசோதாவின் வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டாள். அதிலிருந்து எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

உனக்கு இங்கத்திய நிலவரம் தெரியாது. போன ஏப்ரல் முதல் தேதி எல்லை பிரித்தார்கள் அல்லவா, திருத்தணி மதராஸ் பக்கம் போய்விட்டது, நாம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். என் பெரியம்மா மகனுக்கு வயல் அந்தப் பக்கம், களம் இந்தப் பக்கம். நெல் ஒரு ராஜ்யத்தில் விளைந்து இன்னொரு ராஜ்யத்தில் தூற்றப்படுகிறது. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் யசோதா பத்து பதினொன்று படித்தது திருத்தணிப் பள்ளிக்கூடத்தில். 'அது இப்போது வேறு ராஜ்யம், நீ மதராஸ்காரி, அங்கேயே போய்க் கேள்' என்று சித்தூரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று டீக்கடையில் ஆளாளுக்குச் சொன்னார்கள். பள்ளிப்பட்டு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறவே ஏறாதே, அது மதராஸ் எல்லைக்குள் நுழைந்து வருகிறது, அங்கிருந்து வந்தவள் என்று எழுதிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள்.

நான் யோசித்தேன். பஸ் டிக்கெட் வெறும் தாள். ரயில் டிக்கெட் என்றால் கெட்டி அட்டை, ஊர்ப்பெயர் அச்சடித்திருக்கும், தேதி குத்தியிருக்கும், சர்க்காரே கொடுத்த அத்தாட்சி. ஏகாம்பரகுப்பத்தில் ஏறி, ரேணிகுண்டாவில் மாறி, திருப்பதி, பாகாலா, சித்தூர் என்று போனால் ஒரு அடிகூட ஆந்திராவை விட்டு வெளியே வைக்காமல் போய்ச் சேரலாம். டிக்கெட்டைக் காட்டினால் யார் என்ன பேச முடியும்? இந்த யோசனை எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

செங்கம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "புத்தூர் போயி பஸ்ஸு ஏறனா கங்காதர நெல்லூரு மேல மூணு மணி நேரத்துல சித்தூரு. அதுவும் நம்ம ஆந்திராதான். இந்த மனுசன் மூக்கத் தொட தலைய சுத்திக்கினு போறாரு" என்று யசோதாவிடம் சொன்னாள். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னாள். ஆனாலும் கூட வந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளம்பி, பொழுது சாயத் திருப்பதி போய்ச் சேர்ந்து, ஸ்டேஷனுக்கு எதிர்ச் சத்திரத்தில் படுத்தோம். இவ்வளவு தூரம் வந்தோமே, விடியற்காலையில் திருச்சானூர் போய்த் தாயாரை ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்றேன். "தாயாரு எங்கயும் போவ மாட்டா. ரயிலு போயிடும்" என்றாள்.

புதன்கிழமை விடியுமுன்பே ஸ்டேஷனுக்கு வந்தோம். அங்கேதான் நான் இரண்டாவது புத்திசாலித்தனம் செய்தேன். காட்பாடி வண்டி ஆறரை மணிக்கு. அதில் ஏறினால் நேரே சித்தூரில் இறங்கலாம். ஆனால் ஐந்தே காலுக்கே தர்மாவரம் போகிற வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது பாகாலா வரைக்கும் அதே வழி. நிற்கிற வண்டியை விட்டுவிட்டு வராத வண்டிக்குக் காத்திருப்பானேன், பாகாலாவில் போய் உட்கார்ந்தால் சித்தூருக்கு அவ்வளவு கிட்டத்தில் இருப்போமே என்று இருவரையும் ஏற்றிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்வார்களே, அது என்னைப் பார்த்துத்தான் சொன்னது.

மச்சான், நீ ரயில்வேக்காரன், எத்தனையோ ஸ்டேஷன் பார்த்திருப்பாய். பாகாலாவின் தை மாதக் காற்றைப் பார்த்திருக்கிறாயா? நாம் வெயிலில் வெந்து வளர்ந்தவர்கள். நமக்குக் குளிர் என்றால் மார்கழியில் ஒரு துப்பட்டி, அவ்வளவுதான் தெரியும். அங்கே சுற்றிலும் மலை. மலை இடுக்கில் புகுந்து வருகிற காற்று பிளாட்பாரத்தின் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்குகிறது, நடுவில் தடுக்க ஒரு சுவர் கிடையாது. கூரைத் தகரம் விடாமல் அடித்துக்கொள்கிறது. சிமெண்டுப் பெஞ்சியில் உட்கார்ந்தால் ஐஸ் மேல் உட்கார்ந்த மாதிரி. நாங்கள் வந்த வண்டியின் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்ற பத்து நிமிஷமும் ஜனங்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எஞ்சின் புறப்பட்டதும் அந்த வெக்கையும் போய்விட்டது. எல்லோரும் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்களிடம் இருந்தது ஒரே கம்பளி. அதை யசோதாவுக்குப் போர்த்தினோம். அப்படியும் பெண்ணுக்குப் பல் கிட்டியது. கஞ்சி போட்ட புடவை காற்றில் படபடவென்று அடித்தது. செங்கம்மா பிளாட்பாரத்தை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வந்தாள். பார்சல் ஆபீசுக்குப் பக்கத்தில் வேர்க்கடலை மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் காற்று இல்லை. "இங்க வாங்க" என்று எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அதோடு விட்டாளா? பிளாட்பாரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த கிழவன், கைக்குழந்தைக்காரி, எல்லோரையும் தமிழில் கொஞ்சம் தெலுங்கில் கொஞ்சம் அதட்டி உள்ளே சேர்த்துக்கொண்டாள். ஒரு கால்மணி நேரத்தில் அந்த மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு குடித்தனமே நடந்தது.

அப்படி வந்து ஒண்டியவர்களில் துலுக்காணம் என்ற ஒரு ஆளும் அவர் மகள் செல்லியம்மாவும் இருந்தார்கள். வெதுருகுப்பத்துக்காரர்கள். மனிதர் கூலி வேலை, செருப்பில்லாத கால். அந்தப் பெண்ணுக்கும் யசோதா வயதுதான், அதுவும் அதே கார்டை வைத்துக்கொண்டு அதே சித்தூருக்குப் போகிறது. இந்த ஜில்லாவுக்கு எடுப்பது பன்னிரண்டே பேர் என்று எனக்குத் தெரியும். நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். உன் அக்கா நம் கம்பளியின் பாதியை இழுத்து அந்தப் பெண் மேலும் போட்டாள்.

ஏழு மணிக்குச் செய்தி வந்தது. நாங்கள் தாண்டி வந்த பிறகு காற்றுக்குச் சந்திரகிரிப் பக்கம் பெரிய புளியமரம் ஒன்று லைன் மேல் விழுந்துவிட்டதாம். அதை வெட்டி அகற்றிய பிறகுதான் காட்பாடி வண்டி வருமாம். எப்படியும் பதினொன்று, பன்னிரண்டு ஆகும். சித்தூர் பஸ் ஆறு மணிக்கே போய்விட்டது, அடுத்தது பத்து மணிக்கு. யசோதா கார்டை எடுத்து இன்னொரு முறை நேரத்தைப் பார்த்தாள், உள்ளே வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதிலிருந்து அந்தப் பெண் அப்படித்தான், எதற்கும் அழாது, எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொள்ளும். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. நான் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தால் முந்தின நாளே சித்தூரில் இருந்திருப்போம்.

எட்டு மணிக்கு மதனப்பள்ளிப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டி வந்து நின்றது. கூலியாட்கள் வந்து எங்கள் மூட்டைச் சுவரைப் பிரித்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மூட்டையாகப் போகப் போகக் காற்று உள்ளே வந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். செங்கம்மா மட்டும் எழுந்திருக்காமல், இந்த மூட்டையெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு கூலியாளிடம் கேட்டாள். காட்பாடிக்கு என்றான். சித்தூர் மேலேயா என்றாள். ஆமாம், வேறு வழி ஏது என்றான். அப்போதுதான் எழுந்தாள்.

நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனாள். பின்னால் நான் ஓடினேன். அவர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர், மப்ளரைச் சுற்றிக்கொண்டு தந்தி எழுதிக்கொண்டிருந்தார். பெண்ணுக்குப் பத்து மணிக்குச் சித்தூரில் ஆஜராக வேண்டும், கூட்ஸின் கடைசியில் கார்டு இருக்கிற பெட்டியில் ஏற்றிவிடுங்கள் என்று தெலுங்கில் கேட்டாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குதரதம்மா, குதரது" என்றார். முடியாது என்றால் முடியாதுதான், சட்டம் இல்லை. உன் அக்கா நகரவில்லை. "வேர்க்கடலை மூட்டை போலாம், பொண்ணு போவக் கூடாதா? மூட்டைக்கி இன்னா பரீட்சையா கீது?" என்றாள். இது தமிழில். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ்தான் வரும். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், சிரிப்பு வந்தது, ஆனாலும் தலையை ஆட்டிவிட்டார்.

அப்புறம் அவள் சொன்னதைத்தான் நீ கேட்க வேண்டும். "ஐயா, இது வெளியாளு பொண்ணு இல்ல. ரயில்வே பொண்ணு. இவ நைனா காரக்பூர் ஒர்க்‌ஷாப்புல வேல. நாகபூஷணம். டோக்கன் நம்பர் நாலாயிரத்து முந்நூத்திப் பதினேழு. உங்க வண்டிக்கெல்லாம் சக்கரம் மாட்றதே அவன்தான். அவன் மாட்ன சக்கரத்து மேல அவன் பொண்ணு ஒரு மணி நேரம் போனா தேஞ்சா பூடும்?"

மச்சான், நான் ஒன்பது வருஷமாக உனக்கு உறை எழுதுகிறேன், உன் நம்பரைச் சொல் என்றால் பழைய உறையைத் தேடுவேன். எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவள் அவள். நான் ஒவ்வொரு முறையும் விலாசத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுதுவேனே, அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். அந்த நம்பரை அவள் சொன்ன மாதிரியில் ஸ்டேஷன் மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்தார், வெளியே நடுங்கிக்கொண்டிருந்த யசோதாவைப் பார்த்தார். யசோதா பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டார். செங்கம்மா கண் இமைக்காமல், "அதுவும் என் தம்பி பொண்ணுதான்" என்றாள்.

ஆக, தை ஐந்தாம் தேதி காலை எட்டே கால் மணிக்குப் பாகாலா ஜங்ஷனில் உனக்குச் செல்லியம்மா என்ற பெண்ணும் பிறந்தாள். வாழ்த்துகள். துலுக்காணம் பெண்ணை எங்களோடு அனுப்பிவிட்டு, தான் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். முன்பின் தெரியாதவர்களிடம் பெற்ற பெண்ணை ஒப்படைத்துவிட்டு நின்றார். "அக்கா கூடப் போம்மா" என்று மட்டும் சொன்னார். இதை உன் ஒர்க்‌ஷாப்பில் யாரிடமும் சொல்லிவிடாதே, பாவம், அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கஷ்டம் வரக் கூடாது.

கார்டு ரங்கையா வயதானவர். தன் பெட்டியில் இருந்த ஒரே பலகையைப் பெண்கள் இருவருக்கும் விட்டுக்கொடுத்தார். கார்டு பெட்டி எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் கதவே கிடையாது. வண்டி வேகம் எடுத்ததும் பாகாலாவின் காற்றெல்லாம் திரண்டு அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. யசோதாவின் கையிலிருந்த சர்ட்டிபிகேட்டெல்லாம் பறக்கப் பார்த்தது. உன் அக்கா அந்தத் திறப்பில் போய், வெளிப்பக்கம் முதுகைக் காட்டி, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தூர் வரைக்கும் அப்படியே நின்றாள். நான் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். "நீ ஒல்லி. உன்னத் தாண்டி வந்துரும்" என்றாள். உன் அக்காவை நான் பெண் பார்த்த அன்று, சாது, வாய் திறந்து பேசாது என்று உன் நைனா சொன்னார். அன்றைக்கு அந்தக் கிழவர் என்னை ஏமாற்றியதற்கு இந்தப் புதன்கிழமைதான் முழு மனதோடு நன்றி சொன்னேன்.

தொண்டை கட்டிய கதை இதுதான்.

போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். யசோதாவின் பெயர் கடைசியில் இருந்ததால் பிழைத்தோம். செல்லியம்மாவை நாங்கள் உள்ளே நுழையும்போதே கூப்பிட்டார்கள், ஓடிப் போய் நின்றது. யசோதாவைக் கூப்பிட மத்தியானம் ஆகிவிட்டது. லேடி டாக்டர் ஒரு அம்மாள் கேள்வி கேட்டார்கள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ரத்தத்தைப் பார்த்தால் பயமில்லையா என்று அந்த அம்மாள் தெலுங்கில் கேட்டதற்கு, எங்கம்மா போன அன்றைக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன், அப்போது எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று நம் பெண்ணும் தெலுங்கிலேயே சொன்னது. ரத்தினம்மா போன ராத்திரியைப் பற்றி இந்த ஒன்பது வருஷத்தில் யசோதா வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. நீயும் கேட்டிருக்க மாட்டாய்.

என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். திருத்தணிப் பள்ளிக்கூடமா என்று அந்த அம்மாள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டியதும் நான் முந்திக்கொண்டு மூன்று ரயில் டிக்கெட்டையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். கூட்ஸில் வந்ததால் யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இது எதற்கு என்று கேட்டார்கள். நாங்கள் ஆந்திராவை விட்டு வெளியே போகாமலேயே வந்தோம் என்பதற்கு என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இவள் படித்து முடித்தபோது திருத்தணி சித்தூர் ஜில்லாதானே, புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது பாருங்கள் என்று காட்டினார்கள். நான் டிக்கெட்டைப் பொறுக்கிக்கொண்டேன். செங்கம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். அவளுக்குத்தான் எவ்வளவு பெரிய மனது.

பெண்ணை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டார்கள் மச்சான். பன்னிரண்டு பேரில் யசோதா நான்காவது. செல்லியம்மாவும் உண்டு. ஆனால் தகப்பனார் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தகப்பனார் இல்லாவிட்டால்தான் வளர்த்தவர்கள் போடலாமாம். செல்லியம்மாவின் தாளில் துலுக்காணத்தின் கட்டைவிரல் ரேகை ஏற்கனவே இருந்தது.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நேற்று முழுக்க நினைத்தேன். ஆனால் உனக்குத் தெரிய வேண்டும். வெளியே மரத்தடியில் சண்முகம் என்று மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தகப்பன் காலமாகிவிட்டான் என்று ஒரு வரி எழுதி நீங்களே கையெழுத்துப் போடுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள், நிறையப் பேர் செய்வதுதான் என்றார். நான் சரி என்றேன். ஆமாம் மச்சான், நான்தான் சரி என்றேன். உனக்கு எழுதினால் நீ கையெழுத்துப் போட மாட்டாய், இவ்வளவு பாடுபட்டு வந்து பெண்ணின் காரியம் கெட்டுவிடுமே என்றுதான். வரக்கூடாத புத்தி வந்தது, என்னை மன்னித்துவிடு.

அவர் 'காலஞ்சென்ற' என்று எழுதிவிட்டார். உன் பெயரை எழுதப் போகும்போது செங்கம்மா கேட்டாள், அங்கே என்ன எழுதுகிறீர்கள் என்று. நான் சொன்னேன். அவள் அந்தத் தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள். அப்போதே தொண்டை போய்விட்டது, காற்றுதான் வந்தது. அந்தக் காற்றிலேயே சொன்னாள்: "நர்சு வேல போனா போவுது. களை எடுத்துத் துன்னும். என் தம்பிய நான் சாவடிக்க மாட்டேன்."

காலையில் பாகாலாவில் முன்பின் தெரியாத பெண்ணை உன் மகள் என்று கூசாமல் சொன்னவள் அவள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று நினைத்துவிடாதே. இந்த ஒரு பொய் அவளுக்கு வரவில்லை.

திரும்ப உள்ளே போனாள். பேச வராததால் யசோதாவைச் சொல்லச் சொன்னாள். எங்கள் நைனா காரக்பூரில் இருக்கிறார், கையெழுத்துப் போடுவார், தபால் போய்வர நாள் வேண்டும் என்று யசோதா சொன்னது. லேடி டாக்டர் அம்மாள் தகப்பனார் கட்டாயம் போடுவாரா என்று கேட்டார்கள். யசோதா அத்தை முகத்தைப் பார்த்தது. செங்கம்மா தலையை ஆட்டினாள். பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். தை இருபதாம் தேதி, இங்கிலீஷ் பிப்ரவரி இரண்டு, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் தாள் அங்கே போய்ச் சேர வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அதில் பாதி போயிருக்கும்.

புத்தூர் தணிகாசலம் ஆடியில் அந்தப் பக்கம் வந்து உன் வீட்டில் இரண்டு நாள் தங்கியதாகச் சொன்னார். நன்றாகக் கவனித்தார்களாம், மீன் குழம்பு பிரமாதமாம். யார் வைத்த குழம்பு என்று உன் அக்கா கேட்கவில்லை. அங்கே உன் பிள்ளைகள் எவ்வளவு உயரம் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் கையால் இவ்வளவு, இவ்வளவு என்று காட்டினார். நாளைக்கு ஒரு பார்சல் அனுப்புகிறோம். அதில் ஒரு சின்னச் சட்டையும் ஒரு பாவாடையும் இருக்கும், பொங்கலுக்கே தைத்தது. அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

செங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், நடுவில் என் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்கிறாள். குரல் இல்லை, காதை வாயருகில் வைத்துக் கேட்டு எழுதுகிறேன்:

"நாகு, நல்லா கீறியா? வேளைக்கித் துன்றியா? நீ வரலன்னு எனக்கு வருத்தம் இல்ல. நீ வெக்கப்பட்டுக்கினு வராம கீற, அது எனக்குத் தெரியும். என்கிட்ட உனக்கு இன்னாடா வெக்கம்? உன்ன இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சவ நான். பொண்ணு ஒண்ணும் கேக்கல. ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப நான் கேக்கறேன். அந்தக் கான்டீன்காரர் நல்லவராவே இருக்கட்டும், வேற பொண்ணு பாத்துக்கட்டும். கையெழுத்து போட்டு அனுப்பு."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

படிவத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், அந்த இடத்தில் போட்டால் போதும். எக்ஸ்பிரஸ் தபாலில் சேர்த்துவிடு. அங்கே எல்லோருக்கும் எங்கள் ஆசி. நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று திருச்சானூர்த் தாயாரை வேண்டிக்கொள்கிறேன்.

மச்சான், நான் உன்னைச் செத்தவன் என்று எழுதச் சொன்ன ஆள். சித்தூரில் ஒரு மேஜை மேல் இன்றைக்கு நீ உயிரோடு இருக்கிறாய் என்றால் அது உன் அக்கா தலையை ஆட்டியதால். அவள் சொன்னதுதான் நிஜம், நான் சொன்னது பொய் என்று ஆக்கிவிடு.

இப்படிக்கு,
உன் மாமா,
செங்கல்வராயன்.